வீட்டில் தீப் பிடித்தால்: நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி வட்டாரத்துப் பள்ளிகளிலும் மகளிர் குழுக் கூட்டங்களிலும் தீப் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் எழும் கேள்விகள் பெரும்பாலும் இவைதாம். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு வீட்டின் நடையிலிருந்து புறவாசல் வரை ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும்.

எந்த வயதிலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்?

மூன்று வயது போதும். அந்த வயதுக்கு ஒரே பாடம்தான்: தீப்பெட்டியோ லைட்டரோ கீழே கிடந்தால் தொடாமல் வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். ஐந்து வயதில், புகை வந்தால் எந்த வாசல் வழியாக வெளியேறுவது என்று தெரிய வேண்டும். ஏழெட்டு வயதில் தீயணைப்பு நிலையத்தின் 101-ஐ அழைத்து ஊரும் தெருவும் சொல்லத் தெரிய வேண்டும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்குக் கேஸ் ரெகுலேட்டரை மூடவும் மெயின் சுவிட்சை அணைக்கவும் பழக்கிவிடலாம்.

பயமுறுத்திச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் அதிகம். "தீப்பெட்டியைத் தொட்டால் தோலை உரித்துவிடுவேன்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, விளையாட்டில் எதையாவது பற்றவைத்துவிட்டால் கத்தாது. கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ போய் ஒளிந்துகொள்ளும். புகை நிறைந்த வீட்டில் ஒளிந்திருக்கும் பிள்ளையைத் தேடி எடுப்பது தீயணைப்பு வீரருக்கே கடினம். ஆகவே, "நீ என்ன தப்புச் செய்திருந்தாலும் அடிக்க மாட்டோம், கத்திக்கொண்டே வெளியே ஓடி வந்துவிடு" என்ற வாக்கைப் பெற்றோர் முதலில் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குப் பயத்தைக் கொடுப்பதைவிடச் செய்வதற்கு ஒரு வேலையைக் கொடுப்பது மேல்.

தீப்பெட்டியை ஒளித்துவைத்தால் போதாதா?

கோவில்பட்டியையும் சாத்தூரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீப்பெட்டி இல்லாத வீட்டுக்கு எங்கே போவது? அடுப்படியில் ஒன்று, பூசை அலமாரியில் ஒன்று, கொசுவர்த்திக்குப் பக்கத்தில் ஒன்று, தாத்தாவின் சட்டைப் பையில் ஒன்று. எல்லாவற்றையும் உயரத்தில் வைப்பது நல்லதுதான். ஆனால் ஒளித்துவைத்த பொருளின் மேல்தான் பிள்ளைக்கு ஆசை வரும். அதை எடுத்துக்கொண்டு போய் உரசிப் பார்க்கும் இடமும் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாக, வைக்கோல் படப்பின் பின்பக்கமாக இருக்கும். விவரம் தெரிந்த பிள்ளைக்கு, விளக்கேற்றும் நேரத்தில் பெரியவர் அருகில் நின்று, எப்படி உரசுவது, அணைந்த குச்சியை எங்கே போடுவது என்று காட்டிவிடலாம். இதை ஒப்புக்கொள்ளாத பெற்றோர் உண்டு. என் கருத்து இதுதான்.

எங்கள் வீடு ரயில் பெட்டி போல நீளமானது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். எப்படி வெளியேறுவது?

திருநெல்வேலி டவுன், மேலப்பாளையம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் என்று பழைய தெருக்களில் எல்லாம் இந்த அமைப்புதான்: நடை (முன்வாசலை அடுத்த பகுதி), பட்டாசல் (கூடம்), உள்ளறை, அடுப்படி, புறவாசல். இதில் ஒரு நன்மை இருக்கிறது. புதிய அடுக்குமாடி வீடுகளில் பலவற்றுக்கு ஒரே வாசல், உங்களுக்கு இரண்டு. அந்த இரண்டும் வாசலாகவே இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

இரவு பத்து மணிக்கு நடையைப் பாருங்கள். இரண்டு பைக்குகள், அவற்றில் பெட்ரோல். பேட்டரி ஸ்கூட்டர் என்றால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். மீட்டர் பெட்டியும் பெரும்பாலும் அங்கேதான். தீப் பிடிக்கக்கூடிய மூன்று பொருள்களைக் கொண்டுபோய் முன்வாசலுக்குக் காவலாக நிறுத்தியிருக்கிறோம். நடையில் தீ என்றால் புறவாசல்தான் வழி. அந்தக் கதவுக்குப் பின்னால் விறகு, காலி சிலிண்டர், உடைந்த நாற்காலி. தாழ்ப்பாளோ துருப்பிடித்துக் கிடக்கிறது. அடுப்படியில் தீ என்றால் புறவாசலை மறந்துவிட்டு முன்வாசலுக்கு வர வேண்டும். அப்போது பைக்குகளுக்கு இடையில் ஆச்சி நுழைந்து வர முடியுமா?

ஆகவே செய்ய வேண்டியது: ஒரு ஆள் தடுக்காமல் ஓடும் அகலத்துக்கு நடையில் இடம் விட வேண்டும். புறவாசல் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு, பிள்ளை கையால் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்கட்டு முழுவதும் மதில் சுவர் என்றால், அங்கிருந்து தெருவுக்கோ சந்துக்கோ போக வழி உண்டா என்று இன்றே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் மாடி வழியாக அடுத்த வீட்டு மொட்டைமாடிக்குப் போகலாமா என்று அவர்களிடம் பேசிவைக்கலாம். ஆனால் புகை மாடிப்படி வழியாகத்தான் மேலே ஏறும். கீழே இரண்டு வாசலும் அடைபட்டால் மட்டுமே மாடி. வீட்டில் பீடி சுற்றுபவர்களும் பாய் நெய்பவர்களும் பீடி இலை மூட்டையையும் கோரைக் கட்டையும் போகும் வழியில் அடுக்காமல் சுவரோரமாக அடுக்கலாம். இடம் போதாத வீடுகள்தாம், தெரியும். ஆனாலும் வழியை விட்டுவைத்தே ஆக வேண்டும்.

திருட்டுப் பயத்தில் இரவில் கிரில் கதவைப் பூட்டிவிடுகிறோம். என்ன செய்வது?

பூட்டுங்கள். சாவியை அப்பாவின் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். கதவுக்கு உட்பக்கச் சுவரில், வெளியிலிருந்து கைவிட்டால் எட்டாத தூரத்தில், எட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டுங்கள். எந்த அவசரத்திலும் அது அந்த ஆணியில்தான் இருக்க வேண்டும்.

பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வயலுக்கோ கடைக்கோ போவது வேறு விஷயம். அரைமணி நேரம்கூட அதைச் செய்யாதீர்கள்.

ஒத்திகை பார்ப்பது எப்படி? பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும், விளையாட்டாகவே பழகட்டும். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு முறை. எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினால் எல்லோரும் வெளியேற வேண்டும் என்பது விதி. அடுத்த முறை இரவில், விளக்கை அணைத்துவிட்டு. தூங்குகிற பிள்ளையை எழுப்பி நிறுத்தினால் அது எந்தப் பக்கம் நடக்கிறது என்று பார்த்தாலே உங்களுக்குப் பாதி பாடம் கிடைத்துவிடும்.

வெளியே கூடும் இடம் ஒன்றை முடிவு செய்யுங்கள்: தெருமுனை வேப்பமரம், பிள்ளையார் கோவில் வாசல், தண்ணீர்த் தொட்டி எதுவானாலும் சரி. பக்கத்து வீட்டுக்குள் போய் நிற்கக் கூடாது. தலையை எண்ணிப் பார்க்க முடியாமல் போனால், வெளியே பத்திரமாக இருக்கும் பிள்ளையைத் தேடி அப்பா தீக்குள் நுழைவார். வெளியே வந்தவர் எதற்காகவும் திரும்பப் போகக் கூடாது. போன், புத்தகப் பை, நகை, நாய்க்குட்டி எதற்காகவும்தான். உள்ளே யாராவது சிக்கியிருந்தால் எந்த அறை என்று தீயணைப்பு வீரரிடம் சொல்வதுதான் பிள்ளையின் வேலை.

புகையில் தவழ்ந்து போ என்கிறார்கள். ஏன்?

வீட்டுத் தீயில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் சுடர் அல்ல, புகை. அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சூடான புகை மேலே ஏறி உத்தரத்திலிருந்து கீழ்நோக்கி நிறையும். சுவாசிக்கக்கூடிய காற்று தரையோரம் கடைசி வரை மிஞ்சும். அதனால் கையும் முழங்காலும் ஊன்றித் தவழ வேண்டும். மூடிய கதவு எதிர்ப்பட்டால் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால் திறக்கக் கூடாது, வேறு வழி. வழியே இல்லையென்றால் கதவிடுக்கைத் துணியால் அடைத்துவிட்டு ஜன்னலருகே வந்து கத்த வேண்டும். மூக்கில் ஈரத் துணி கட்டச் சொல்வார்கள். கையில் இருந்தால் கட்டலாம். அதைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

முகமூடியும் முதுகில் உருளையுமாகப் புகைக்குள் வரும் தீயணைப்பு வீரரைக் கண்டு சின்னப் பிள்ளைகள் மிரண்டு பின்வாங்கும். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்தபோது உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடப்பது. அந்த வாரத்தில் பள்ளிக்கு வரும் வீரர்களிடம் முகமூடியைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

துணியில் தீப் பற்றினால்?

நில், படு, உருள். முகத்தை இரு கையாலும் பொத்திக்கொண்டு தரையில் உருள வேண்டும். கிணற்றடிக்கோ குழாயடிக்கோ ஓடத்தான் மனம் சொல்லும். ஓடினால் காற்றுப் பட்டுத் தீ முகத்துக்கு ஏறும். பக்கத்தில் இருப்பவர் பருத்திப் போர்வையாலோ ஜமக்காளத்தாலோ போர்த்தி அமுக்கலாம். நைலான் துணி வேண்டாம், உருகி ஒட்டும்.

கேஸ் நாற்றம் வந்தால் முதலில் என்ன?

சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். ரெகுலேட்டரை மூடுங்கள். பூசை விளக்கோ ஊதுபத்தியோ எரிந்தால் அணையுங்கள். கேஸுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவு தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். காற்றைவிடக் கனமானதால் கசிந்த கேஸ் தரையில் படரும். ஜன்னலை மட்டும் திறந்தால் போகாது. கதவுகளை விரியத் திறக்க வேண்டும். ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரோடு கயிற்றில் தொங்கும் மூடியைப் போட்டு அடையுங்கள். பிறகு வெளியே போய் 1906-ஐ அழையுங்கள். அது கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். பேசுவது வெளியே போன பிறகுதான்.

ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும்.

ரெகுலேட்டர் பக்கம் தீ எரிந்தால் சிலிண்டர் வெடித்துவிடுமா?

உடனே வெடிக்காது. குழாயில் எரியும் தீ உள்ளே புகுந்து வெடிக்க சிலிண்டருக்குள் காற்று இல்லை. சுற்றிலும் தீ எரிந்து சிலிண்டர் வெகுநேரம் சூடேறினால்தான் ஆபத்து. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கை எட்டும் என்றால் பெரியவர் ஒருவர் ஈரத் துணியைச் சுற்றிய கையால் ரெகுலேட்டரை மூடலாம். எட்டாது என்றால் எல்லோரும் வெளியேறி 101-ஐ அழைக்க வேண்டியதுதான். தீயணைப்புத் துறையினர் செயல்விளக்கத்தில் ஈரச் சாக்கைப் போர்த்தி அணைத்துக் காட்டுவார்கள். அவர்கள் செய்வதில் முக்கியமானது சாக்கு அல்ல, அதற்கடுத்து ரெகுலேட்டரை மூடுவது. மூடாமல் தீயை மட்டும் அணைத்தால் கேஸ் அறை முழுவதும் பரவி இரண்டாவது முறை பற்றும். முதல் தீயைவிட அது பெரிது.

எண்ணெய்ச் சட்டியில் தீப் பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா?

கூடவே கூடாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். அடியில் இறங்கி நொடியில் ஆவியாகும். ஆவி தண்ணீரைப் போல ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் பிடிக்கும். அது கொதிக்கும் எண்ணெயைத் தீயோடு சேர்த்து மேலே வீசும். அடுப்பை அணைத்து, சட்டியைவிடப் பெரிய தட்டால் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். ஆறும் வரை திறக்காதீர்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்கு ஓடாதீர்கள். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுடும்போது பெரிய தட்டு ஒன்றை அடுப்புக்குப் பக்கத்தில் சாத்திவைப்பது நல்ல பழக்கம்.

பொங்கல், தீபாவளி, கார்த்திகை நாட்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

நம் ஊரில் பொங்கல் வாசலில்தான். விடியும் முன் கோலமிட்டு, பொங்கல் கட்டி என்கிற மண் கட்டிகளை அடுப்பாக வைத்து, காய்ந்த பனை ஓலையைத் திணித்துத் திணித்து எரிப்போம். ஓலை பொசுக்கென்று பற்றி நாலு பக்கமும் பொறி பறக்கும். அந்த நேரத்தில்தான் பட்டுப் பாவாடை கட்டிய சின்னப் பெண்கள் குலவையிடவும் வேடிக்கை பார்க்கவும் அடுப்பைச் சுற்றி நிற்கிறார்கள். பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக் கட்டச் சொல்லுங்கள். அல்லது பழைய பருத்தித் துணியில் பொங்கலிட்டுவிட்டுப் பிறகு புதுத் துணி மாற்றட்டும். ஓலைக் கட்டை அடுப்பிலிருந்து எட்டி, பெரியவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர். பானையை இறக்கியதும் கங்கின் மேல் தண்ணீர் தெளித்துவிடுங்கள். வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைக்குச் சாம்பலுக்கு அடியில் கிடக்கும் கங்கு தெரியாது.

தீபாவளியில் பெரிய வெடியைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறோம், மத்தாப்பைக் கைக்குழந்தையிடம் கொடுக்கிறோம். கம்பி மத்தாப்பின் பொறி 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எரிந்து முடிந்த கம்பியை வாளித் தண்ணீரில் போட வேண்டும். வெடிக்காத வெடியைக் குனிந்து பார்க்கக் கூடாது.

திருக்கார்த்திகையில் படிக்கட்டு விளக்குகளைத் தாண்டிப் பிள்ளைகள் ஓடுவார்கள். விளக்குகளை நடக்கும் வழியை விட்டு ஓரமாக வையுங்கள். சொக்கப்பனை கொளுத்தும்போது, பனை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எட்டாத தூரத்தில் பிள்ளைகளை நிறுத்துங்கள். தினசரி பூசை விளக்கில் எலி ஒரு தொல்லை. எண்ணெய்த் திரியை எரியும்போதே இழுத்துக்கொண்டு போய்விடும். படுக்கும் முன் விளக்கைக் குளிர வைத்துவிட வேண்டும்.

எங்களுடையது ஓலைக் கூரை. காற்றுக் காலத்தில் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே இறங்கும் காற்றுதான் பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. அதே காற்றில் ஒரு கூரையின் பொறி அடுத்த கூரைக்கு நிமிடத்தில் போய்விடும். அந்த மாதங்களில் வாசலில் குப்பை கொளுத்தாதீர்கள். அடுப்புச் சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கிளறிய பிறகே குப்பைக் குழியில் கொட்டுங்கள். அடுப்புக்கு மேலே கூரையின் உட்புறத்தை மண் பூசி மூடலாம். முடிந்தால் அந்த இடத்துக்கு மட்டுமாவது தகரமோ ஓடோ போடுங்கள். படப்பு வீட்டை ஒட்டி வேண்டாம். பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்கும் இதெல்லாம் பொருந்தும். அங்கே பகலில் பிள்ளைகளைத் தூங்கவைக்காதீர்கள்.

கூரையில் பற்றினால் சாமான்களை இறக்க நேரமில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பள்ளிப் பிள்ளைகள் பலியானதும் சமையல் கொட்டகையிலிருந்து கூரைக்குத் தாவிய தீயில்தான். கூரையில் புகை தெரிந்ததும் ஆட்கள் வெளியே வந்துவிட வேண்டும்.

கரண்டுத் தீ?

மெயினை அணைக்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது. சுவிட்சு சுட்டாலோ பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ எலக்ட்ரீசியனை அழைக்க அதுவே போதுமான காரணம். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பிரிட்ஜையும் அயர்ன் பாக்ஸையும் மாட்டாதீர்கள். போனைத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

பிள்ளைக்குச் சுட்டுவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

சின்னப் பிள்ளைகளுக்குத் தீயைவிடக் கொதிக்கும் ரசமும் சொதியும் வெந்நீரும்தான் அதிகம் சுடுகின்றன. பந்தி பரிமாறும் பாத்திரங்கள் தரையில் இருக்கும்போது தவழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள்.

சுட்ட இடத்தில் 20 நிமிடம் தண்ணீர் ஓட வேண்டும். குளிர்ந்த தண்ணீர், ஐஸ் கூடாது. சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரே கை வைக்க முடியாமல் சுடும், ஆகவே குழாயைத் திறந்ததும் முதலில் உங்கள் கையில் பிடித்துப் பாருங்கள். சுட்டால் பானைத் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ மொண்டு ஊற்றுங்கள். வீங்கும் முன் வளையல், மோதிரம், அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பற்பசை, பேனா மை, மாவு, முட்டை வெள்ளைக்கரு, மஞ்சள் எதுவும் வேண்டாம். "எங்க ஆச்சி காலத்திலிருந்து மைதான் தடவுகிறோம்" என்பார்கள். மருத்துவர் அந்த மையைச் சுரண்டிக் கழுவித்தான் காயத்தின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். அந்த வலியும் பிள்ளைக்குத்தான். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிய காயம் என்றாலும் முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு என்றாலும் 108-ஐ அழைத்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள்.

101-இல் என்ன சொல்ல வேண்டும்?

ஊர், தெரு, அடையாளம், எது எரிகிறது, உள்ளே யார் இருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. "புதூர்" என்று மட்டும் சொன்னால் வண்டி எந்தப் புதூருக்குப் போகும்? எந்த ஊருக்குப் பக்கம் என்றும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். அவர்கள் வைக்கும் முன் நாம் போனை வைக்கக் கூடாது. 101 கிடைக்காவிட்டால் பொது அவசர எண்ணான 112. தெரு குறுகல் என்றால் ஒருவர் மெயின் ரோட்டில் நின்று வண்டிக்கு வழி காட்ட வேண்டும்.

படுக்கையில் கிடக்கும் ஆச்சியை எப்படி வெளியேற்றுவது?

யார் அவரை எடுப்பது என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்றால் யாரும் பார்ப்பதில்லை. அவருடைய கட்டில் அடுப்படிக்கு அடுத்த அறையில் இருந்தால் வாசல் பக்கம் மாற்றுங்கள். தூக்க முடியாவிட்டால் கனமான போர்வையில் கிடத்தித் தலைப்பக்கத்தைப் பிடித்து இழுத்து வரலாம். ஒத்திகையில் ஆச்சிக்குப் பதில் பெரிய பேரனைக் கிடத்தி இழுத்துப் பாருங்கள்.

தீயணைப்பான் வாங்கலாமா?

வாங்கலாம். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஏபிசி பொடி வகை. அடுப்புக்கு மேலே மாட்டாமல் அடுப்படி வாசலில் மாட்டுங்கள். அதன் அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். சுடரின் அடியைப் பார்த்து அடிக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டிக்கு மூடிதான் நல்லது. கிட்டத்தில் நின்று பொடியைப் பீச்சினால் எண்ணெய் தெறிக்கும். காசு இருந்தால் மட்டும் வாங்குங்கள். வழியைச் சுத்தம் செய்யக் காசு வேண்டாம்.

தீ அணைந்த பிறகு?

இலவம் பஞ்சு மெத்தையில் பற்றிய தீ அணைந்ததுபோல் கிடந்து நள்ளிரவில் மறுபடி புகையும். அதை வெளியே இழுத்துப் போட்டுப் பிரித்து நனையுங்கள். எலக்ட்ரீசியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். கேஸ் விபத்து என்றால் முகவருக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். எண்ணெய் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்காகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்துவைத்திருக்கின்றன, அதற்கு நீங்கள் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. குடிசை எரிந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். ரேஷன் அட்டை, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றைப் படமெடுத்து வெளியூரில் இருக்கும் மாமாவுக்கோ சித்திக்கோ இன்றே அனுப்பிவைத்துவிட்டால், நகல் கேட்டு விண்ணப்பிக்கும்போது எண்களைத் தேடி அலைய வேண்டியிருக்காது.